சோல்பரி பிரபு

சங்க மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு நம் செயலாளர் கேட்டபோது, நான் பௌதிக மாணவன் ஆதலால், இராமனைப் பற்றியோ இராமானுஜனைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் அவர் எண்ணியிருப்பார். நான் எழுத எடுத்துக்கொண்டவரோ ஓர் ஆங்கில அரசியல்வாதி. நம் விடுதலைக்காக வாதாடியவர் அல்லர்; நம்மை ஒடுக்கியவர் என்றும் பெயர் எடுத்தவர் அல்லர். ஆயினும் பத்து இலட்சம் தமிழரின் தலைவிதியில் அவர் பேனாவின் மை கலந்திருக்கிறது. அவரைத்தான் ஈழத்தார் சோல்பரி பிரபு என்று சொல்லுகிறார்கள்.

அந்தப் பெயரை நான் எங்கே கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் மாரிகுப்பம். பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிரியும் இருப்புப்பாதை அங்கேதான் முடிகிறது. சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. நான் பிறந்தது அதற்குப் பிறகு. ஆகவே நான் கண்டதெல்லாம் அசையாமல் நிற்கும் இரும்புக் கோபுரங்களையும், மழையில் கரையும் சயனைடு மண்மேடுகளையும், விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடும் மக்களையும்தான். சுரங்கம் ஓடிய கதையை என் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தேன்.

எங்கள் குடும்பம் வட ஆர்க்காட்டில் குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தது. என் கொள்ளுத் தாத்தாவும் அவர் தம்பியும் பஞ்சம் பொறுக்கமாட்டாமல் ஊரை விட்டுக் கிளம்பினார்களாம். அண்ணன் ரயிலேறி மாரிகுப்பம் வந்து, ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கத்தில் இறங்கினார். தம்பி ஒரு கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறி இலங்கைக்குப் போய்த் தேயிலை மலை ஏறினார். இருவருக்கும் மேலே இருந்தவர் வெள்ளைக்காரத் துரைதான். அண்ணனுக்கு இங்கே லைன் வீடு. தம்பிக்கு அங்கே லயம். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தவை; இரண்டு வீடும் ஒரே அளவு.

1972-ஆம் ஆண்டு அந்தத் தம்பி, கிழவராகி, குடும்பத்தோடு இராமேசுவரத்தில் வந்து இறங்கினார். நீலகிரியில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகும் முன் அண்ணன் மகனைப் பார்த்துவிட்டுப் போக மாரிகுப்பம் வந்தார். அந்த அண்ணன் மகன்தான் என் தாத்தா. 1947-இல் தலவாக்கொல்லைப் பக்கம் தாம் வாக்களித்ததையும், 1952-இல் வாக்காளர் பட்டியலில் தம் பெயரே இல்லாமற் போனதையும், அதன் பிறகு இருபது ஆண்டுகள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராய்க் கொழுந்து பறித்ததையும் அந்தச் சின்னத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொன்னாராம். எல்லாம் சோல்பரி துரை செய்த வேலை என்று அவர் வாய்விட்டுச் சபித்ததைத் தாத்தா இன்றும் நினைவுகூர்வார்.

ஆகவே அந்தப் பெயர் எனக்கு ஒரு வசைச்சொல்லாகவே அறிமுகமாயிற்று. நம் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த வசைக்கு உரியவரைத் தேடினேன். கொடியவர் ஒருவரைக் காண்பேன் என்று எண்ணிப் போனேன். கண்டதோ வேறு.

இளமையும் போரும்

அவர் இயற்பெயர் ஹெர்வால்டு ராம்ஸ்பாதம். பிறந்தது 1887-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள். வசதியான குடும்பம். அப்பிங்ஹாம் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் யுனிவர்சிட்டிக் கல்லூரியிலும் கற்றார். 1911-இல் வழக்கறிஞரானார். மூன்றே ஆண்டுகளில் முதல் உலகப் போர் மூண்டது. அவர் காலத்து இளைஞர்களைப் போல் அவரும் படையில் சேர்ந்தார். வீரத்துக்காக வழங்கும் மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றார். போர்க்களத்திலிருந்து மீண்டவர்களுக்கு, மீளாதவர்களை எண்ணும் கடமை ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் அவர் ஏற்ற பதவிகளைப் பார்க்கும்போது அந்த எண்ணம் எனக்கு எழாமல் இல்லை.

1929-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் லங்காஸ்டர் தொகுதியிலிருந்து கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு வயது அப்போது 42. பன்னிரண்டு ஆண்டுகள் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார்.

மந்திரி பதவிகள்

அவர் சர்ச்சிலைப் போல் மேடையில் முழங்கியவர் அல்லர். ஒவ்வொரு படியாக ஏறியவர். 1931 முதல் 1935 வரை கல்வி வாரியத்தில் துணை மந்திரி. அடுத்து வேளாண்மைத் துறையில் அதே நிலை. 1936-இல் ஓய்வூதிய மந்திரியானார். போரில் கை கால் இழந்தோரும், கணவனை இழந்த பெண்களும், தந்தையை இழந்த குழந்தைகளும் உதவி கேட்டு வரும் துறை அது. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். 1939-இல் பொதுப்பணிகளின் முதல் ஆணையரானார். 1940-இல், இரண்டாம் உலகப் போர் மும்முரமாக நடந்தபோது, கல்வி வாரியத்தின் தலைவரானார். நம் வழக்கில் சொன்னால் கல்வி மந்திரி.

இலண்டன் நகரம் குண்டுவீச்சால் எரிந்துகொண்டிருந்தது. நகரத்துப் பிள்ளைகள் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அந்த வேளையிலேயே, போர் முடிந்த பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் எப்படிக் கல்வி கொடுப்பது என்ற திட்டத்தை அவர் துறை அதிகாரிகள் தயாரித்தார்கள். 1941-இல் உருவான அந்த வரைவைப் பச்சைப் புத்தகம் என்று அழைப்பது வழக்கம். ஆனால் போர் நடுவில் வருங்காலக் கல்வி பற்றிப் பேசுவது பிரதமர் சர்ச்சிலுக்கு உவப்பாக இல்லை. 1941 ஜூலையில் ராம்ஸ்பாதம் பதவியிலிருந்து விலக, பட்லர் வந்தார். இங்கிலாந்தின் கல்வி அமைப்பை மாற்றிய 1944-ஆம் ஆண்டுச் சட்டம் பட்லர் பெயரால் வழங்குகிறது. விதை ஊன்றியவர் ஒருவர். அறுவடையில் பெயர் பெற்றவர் மற்றொருவர். இது அரசியலில் புதிது அன்று. ஆராய்ச்சிக் கூடங்களிலும் புதிது அன்று என்பது நம்மில் பலருக்குத் தெரியும்!

பதவி போன மந்திரிக்கு ஆங்கில நாட்டில் ஒரு மரியாதை உண்டு. அரசர் அவரைப் பிரபுவாக்குவார். அவரும் பொதுமக்கள் சபையை விட்டுப் பிரபுக்கள் சபைக்குப் போவார். ஓர் ஊரின் பெயரைத் தம் பட்டத்தோடு சேர்த்துக்கொள்வார். ராம்ஸ்பாதம் பக்கிங்ஹாம் மாவட்டத்தில் உள்ள சோல்பரி என்ற சிற்றூரின் பெயரை ஏற்றார். 1941-இல் இவ்வாறு சோல்பரி பிரபு பிறந்தார். யாரும் பெரிதாக அறியாத அந்த ஆங்கிலச் சிற்றூரின் பெயர் இன்று யாழ்ப்பாணத்திலும் அட்டனிலும் பள்ளிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

பட்டம் பெற்றபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. வறியோர்க்கு உதவித்தொகை வழங்கும் வாரியத்துக்கு 1941 முதல் 1948 வரை தலைவராக இருந்தார். ஆசிரியர் சம்பளத்தை முறைப்படுத்தும் பர்ன்ஹாம் குழுவுக்கும் தலைமை தாங்கினார். ஏழைகளையும் ஆசிரியர்களையும் மறவாத ஒரு பிரபுவை வெறுப்பது எளிதன்று. நான் தேடிப் போன கொடியவர் இங்கே இல்லை.

இலங்கைப் பயணம்

1944-ஆம் ஆண்டு. ஜப்பானியரோடு போர் நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் விழுந்துவிட்டது. இந்துமாக்கடலைக் காக்க ஆங்கிலேயருக்கு இலங்கை இன்றியமையாததாயிற்று. மவுண்ட்பேட்டனின் தலைமைப் பாசறையே கண்டிக்கு அருகில் இருந்தது. அந்த நாட்டு மக்களின் நல்லெண்ணம் தேவைப்பட்டது. ஆகவே இலங்கைக்குப் புதிய அரசியல் திட்டம் வகுக்க மூவர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. தலைவர் சோல்பரி பிரபு. உறுப்பினர்கள் இருவர்: ஒருவர் வரலாற்றுப் பேராசிரியர் பிரடெரிக் ரீஸ், மற்றவர் ரயில்வேத் தொழிற்சங்கத் தலைவராய் இருந்த பிரடெரிக் பர்ரோஸ். பர்ரோஸ் பின்னாளில் வங்காளத்தின் கடைசி ஆங்கில கவர்னரானார்.

1944 டிசம்பரில் மூவரும் கொழும்பில் இறங்கினார்கள். 1945 ஏப்ரலில் திரும்பினார்கள். நான்கு மாதங்கூட நிறையவில்லை. அதற்குள் ஒரு நாட்டை அறிந்துகொள்ள வேண்டும்!

அப்போதைய நிலை இது. 1931-இல் டொனமூர் திட்டத்தின்படி இலங்கையில் வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்திருந்தது. இந்தியாவில் அத்தகைய உரிமை பிறக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. மந்திரிகளின் தலைவர் டி. எஸ். சேனநாயக்கா. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஐவர் ஜென்னிங்ஸ் என்ற சட்ட அறிஞர் அவருக்குத் துணை. இருவரும் சேர்ந்து ஓர் அரசியல் திட்ட வரைவை முன்னரே தயாரித்து வைத்திருந்தார்கள். சேனநாயக்காவும் மந்திரிகளும் குழுவின் முன் முறைப்படி சாட்சி சொல்ல மறுத்தார்கள். ஆனால் விருந்துகளிலும் பயணங்களிலும் குழுவினரோடு தனியே பழகிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பழக்கம் சோல்பரி பிரபுவின் உள்ளத்தில் ஒரு நம்பிக்கையை விதைத்தது. சேனநாயக்கா நேர்மையானவர், எல்லா இனத்தாரையும் அரவணைப்பவர், அவர் கையில் நாட்டை ஒப்படைக்கலாம் என்பதே அந்த நம்பிக்கை.

தமிழர் தரப்பில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் குழுவின் முன் மணிக்கணக்கில் வாதாடினார். சட்டமன்ற இடங்களில் பாதி சிங்களருக்கும், மறுபாதி மற்ற எல்லாச் சிறுபான்மையினருக்கும் என்பது அவர் கோரிக்கை. ஐம்பதுக்கு ஐம்பது என்று அது பெயர் பெற்றது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தவர்களுக்குப் பாதி இடம் என்பது குடியாட்சிக் கணக்குக்கு ஒத்துவராது என்று குழு தள்ளிவிட்டது. அதை மட்டும் வைத்து அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பிழை வேறிடத்தில் இருக்கிறது.

அறிக்கையும் அதன் ஓட்டையும்

1945-இல் அறிக்கை வெளிவந்தது. அதன் முக்கிய உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

பிரதிநிதிகள் சபையில் 101 உறுப்பினர்; அவருள் 95 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர், 6 பேர் நியமனம் பெற்றோர். மேலே 30 பேர் கொண்ட செனட் சபை. தொகுதி பிரிக்கும்போது 75,000 மக்களுக்கு ஓர் இடம். அதோடு ஒவ்வோர் 1,000 சதுர மைல் பரப்புக்கும் ஓர் இடம் கூடுதல். மக்கள் நெருக்கம் குறைந்த வடக்கு கிழக்குப் பகுதிகளுக்கு அதனால் சில இடங்கள் கூடும். இவற்றோடு, அரசியல் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் ஒரு காப்பு: ஓர் இனத்தாருக்கோ மதத்தாருக்கோ மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பார்லிமெண்டு இயற்றலாகாது.

பார்ப்பதற்கு அழகான கட்டடம். ஆனால் இரண்டு செங்கற்கள் இல்லை.

முதலாவது: தனிமனிதனின் அடிப்படை உரிமைகளை ஒவ்வொன்றாக எழுதி வைக்கும் அத்தியாயம் இல்லை. ஆங்கில நாட்டில் அப்படி ஒன்று எழுதப்பட்டதில்லை. வழக்கமும் நாகரிகமுமே அங்கே காவல். இங்கிலாந்தில் போதுமானது இலங்கையிலும் போதும் என்று எண்ணிவிட்டார்கள்.

இரண்டாவது: இந்நாட்டுக் குடிமகன் யார் என்று சட்டத்தில் சொல்லப்படவில்லை. மலைநாட்டு இந்தியத் தமிழரின் குறைகள் குழுவின் முன் வைக்கப்பட்டன. 1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர். இலங்கைத் தமிழரைக் காட்டிலும் எண்ணிக்கையில் சற்று அதிகம். ஆனால் குடிவரவும் வாக்குரிமைத் தகுதியும் இலங்கை அரசாங்கம் தானே முடிவு செய்துகொள்ள வேண்டிய உள்நாட்டு விஷயங்கள் என்று அறிக்கை விட்டுவிட்டது. அதாவது, வீட்டுக்குள் இருப்பவருக்கு எந்தக் கெடுதியும் செய்யக்கூடாது என்று எழுதிவிட்டு, வீட்டுக்குள் இருப்பவர் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பெரும்பான்மையிடம் கொடுத்துவிட்டார்கள்.

1945 நவம்பரில் இலங்கைச் சட்டசபை இத்திட்டத்தை 51-க்கு 3 என்ற வாக்குக் கணக்கில் ஏற்றது. தமிழ் உறுப்பினர்களில் பெரும்பாலோரும் ஆதரித்தே வாக்களித்தார்கள். நம்பியவர் சோல்பரி பிரபு ஒருவர் மட்டும் அல்லர்.

எண்ணிய தலையும் எண்ணாத வாக்கும்

1947-இல் தேர்தல் நடந்தது. மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரசார் வென்றார்கள். நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிற்று. என் சின்னத் தாத்தா வாக்களித்தது அந்தத் தேர்தலில்தான். அதுவே அவர் அந்நாட்டில் அளித்த கடைசி வாக்கு.

1948 பிப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவராயினும், தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டவேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். லயத்தில் பிறந்தவனிடம் தந்தையின் பிறப்புச் சீட்டு எங்கே இருக்கும்? 1949-இல் வந்த மற்றொரு சட்டப்படி மனுச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் மனுக்கள் தள்ளுபடியாயின. அதே 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. குடிமகன் அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்று ஆயிற்று.

இங்கே ஒரு கொடுமையைக் கவனிக்கவேண்டும். தொகுதி பிரிப்பதற்கு அடிப்படை மக்கள்தொகை. குடிமக்கள் தொகை அன்று. ஆகவே மலைநாட்டில் தமிழர் தலைகளையும் சேர்த்து எண்ணித் தொகுதிகள் பிரிக்கப்பட்டன. அத்தொகுதிகளில் வாக்களிக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. தலை எண்ணப்பட்டது, வாக்கு எண்ணப்படவில்லை. அவர்கள் தலையால் கூடிய இடங்கள் வேறொருவர் கணக்கில் சேர்ந்தன. சிறுபான்மையினர் எல்லாரும் சேர்ந்தால் ஓரளவு தடுக்க முடியும் என்று சோல்பரி பிரபு போட்ட கணக்கு இப்படித்தான் அடியோடு சரிந்தது.

29-ஆம் பிரிவு என்னவாயிற்று? வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சில் வரைக்கும் போயிற்று. சட்டத்தில் தமிழன் என்ற சொல்லே இல்லை, பிறப்பும் வம்சமும் பற்றிய பொது விதிதான் இருக்கிறது; ஆகவே இது ஓர் இனத்துக்கு எதிரான சட்டம் ஆகாது என்று 1953-இல் தீர்ப்பாயிற்று. எழுத்து வென்றது, எண்ணம் தோற்றது.

மகாதேசாதிபதி

இந்த நிகழ்ச்சிகளின் நடுவில்தான் சோல்பரி பிரபு மீண்டும் இலங்கைக்கு வந்தார். 1949 ஜூலையில் அவர் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலானார். ஈழத் தமிழில் இப்பதவியை மகாதேசாதிபதி என்பார்கள். பெயர் பெரியது, அதிகாரம் சிறியது. பிரதமர் சொன்னபடி நடக்கவேண்டும். பார்லிமெண்டு நிறைவேற்றியதற்கு ஒப்பம் இடவேண்டும். அப்படி இருக்கவேண்டும் என்று திட்டம் எழுதியவரும் அவரே. தாம் கட்டிய வீட்டில் தாமே குடிபுகுந்து, ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும் நிலை எத்தனை பேருக்கு வரும்!

அந்த ஐந்து ஆண்டுகளில் பல நடந்தன. 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 மார்ச்சில் சேனநாயக்கா குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். எந்த ஒரு மனிதரின் நல்லெண்ணத்தை நம்பித் திட்டம் வகுக்கப்பட்டதோ அந்த மனிதர் போய்விட்டார். திட்டம் மட்டும் நின்றது. அடுத்த பிரதமர் யார் என்ற போட்டியில் சோல்பரி பிரபு, மூத்தவரான ஜான் கொத்தலாவலையை விட்டு, இறந்தவரின் மகன் டட்லியை அழைத்தார். அவ்வாண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கவேண்டியதாயிற்று. மலைநாட்டுத் தலைவர்கள் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 1953-இல் அரிசி விலை ஏற்றத்தை எதிர்த்து நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. டட்லி பதவி விலகினார். 1954-இல் எலிசபெத் அரசியார் இலங்கைக்கு வந்தபோது வரவேற்றவரும் சோல்பரி பிரபுவே. அதே ஆண்டு, விஸ்கவுண்டு என்ற உயர்ந்த பட்டத்தோடு தாய்நாடு திரும்பினார்.

முதுமையில் ஓர் ஒப்புதல்

அவர் வரலாறு இதோடு முடிந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

அவர் போன இரண்டு ஆண்டுகளில், 1956-இல், சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1958-இல் பெருங்கலவரம் நடந்தது. தமிழர் பலர் உயிரிழந்தனர், பல்லாயிரவர் அகதிகளாயினர். இலண்டனில் இருந்துகொண்டு அவர் இவற்றை அறிந்தார். 1963-இல், பார்மர் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர், பிளவுபட்ட நாடாக இலங்கையை விவரித்து ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதும் பொறுப்பு சோல்பரி பிரபுவுக்கு வந்தது. அவருக்கு அப்போது 76 வயது.

வழக்கமாக முன்னுரைகளில் ஆசிரியரைப் புகழ்ந்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். இவர் தம் பிழையை எழுதினார். நடந்தவற்றைப் பார்க்கும்போது, இந்தியாவும் வேறு சில நாடுகளும் செய்ததைப்போல் அடிப்படை உரிமைகளுக்கான உறுதியைத் தம் குழுவும் அரசியல் சட்டத்திலேயே பதித்து வைத்திருக்கவேண்டும் என்று இப்போது தாம் கருதுவதாக அச்சில் ஒப்புக்கொண்டார்.

அதைப் படித்தபோது என் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் மோதின. ஒன்று, காலம் கடந்த அறிவால் என்ன பயன் என்ற சினம். அடுத்த ஆண்டே, 1964 அக்டோபரில், சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மற்றவரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று பங்கு பிரித்தார்கள். என் சின்னத் தாத்தா அந்தப் பங்கில் ஒரு புள்ளி. அவரை யாரும் கேட்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு முன்னுரை அவரைத் தலைமன்னார்க் கப்பலில் ஏறாமல் தடுக்கவில்லை.

மற்றோர் எண்ணம் இது: தாம் செய்தது தவறு என்று பதவியில் இருந்தவர் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சிங்களத் தலைவர்கள்மேலோ தமிழ்த் தலைவர்கள்மேலோ முழுப் பழியையும் போட்டுவிட்டு இருந்திருக்கலாம். ஆராய்ச்சிக் கூடத்தில் ஓர் அளவை தவறாகப் பதிந்துவிட்டால், அதை அடித்துவிட்டுத் திருத்தம் எழுதிக் கையொப்பம் இடவேண்டும் என்று நமக்குக் கற்பிக்கிறார்கள். அழித்து மறைக்கக் கூடாது. அந்த முதியவர் செய்தது அதுதான்.

சோல்பரி பிரபு 1971-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் வகுத்த செனட் சபை ஒழிக்கப்பட்டது. 1972 மே மாதம் புதிய குடியரசுச் சட்டம் வந்தது. 29-ஆம் பிரிவும் அவர் திட்டம் முழுவதும் மறைந்தன. அதே 1972-இல்தான் என் சின்னத் தாத்தா மாரிகுப்பத்துத் திண்ணையில் அமர்ந்து அவரைச் சபித்தார். சபிக்கப்பட்டவர் இறந்து ஓராண்டு கடந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். பிரபுவின் மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பாதம் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடரானார். சந்தசுவாமி என்ற பெயரோடு சைவத் துறவியாக வாழ்ந்தார். மக்கள் அவரைச் சோல்பரிச் சுவாமி என்றும் அழைத்தார்கள். 1971-இல் தந்தையின் விஸ்கவுண்டுப் பட்டம் அவருக்குச் சேர்ந்தது. ஆனால் அவர் வாழ்க்கை துறவியின் வாழ்க்கையாகவே இருந்தது. 2004-இல் மறைந்தார். தந்தை நான்கு மாதத்தில் தமிழரை அறிந்து தீர்ப்பெழுத வந்தார்; மகன் வாழ்நாளையே கொடுத்தார்.

நமக்கு என்ன?

நண்பர்களே! 2023-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் நான் முதன்முதலாக வாக்களித்தேன். தாத்தாவையும் கைப்பிடித்து அழைத்துச் சென்றேன். வரிசையில் நிற்கும்போதுதான் அவர் தம் சித்தப்பாவின் கதையை மறுபடியும் சொன்னார்.

அண்ணன் வந்த இடத்திலும் மொழி வேறு. நாங்கள் இங்கேயும் வந்தேறிகள்தாம். 1930-இல் கம்பெனியார் கைரேகை பதியச் சொன்னபோது தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். அன்று அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் 1950-இல் இந்திய அரசியல் சட்டம் குடிமகன் யார் என்பதை எழுதிற்று. மாநிலத்துக்கு மாநிலம் வேறு குடியுரிமை இல்லை என்று வைத்தது. அடிப்படை உரிமைகளை ஒரு தனிப் பகுதியாக எழுதிக் காவலுக்கு நீதிமன்றத்தையும் நிறுத்தியது. அதனால்தான் சி. எம். ஆறுமுகம், பக்தவத்சலம் போன்ற தமிழர்களைத் தங்கவயல் மக்கள் தேர்ந்தெடுத்துச் சட்டமன்றத்துக்கு அனுப்ப முடிந்தது. அண்ணன் தம்பி இருவர் கதையும் முற்றிலும் ஒத்த சோதனைகள் அல்ல. ஒருவர் கடல் கடந்தார், மற்றவர் கடக்கவில்லை. ஆயினும் ஒருவருக்கு எழுதிவைத்த உரிமை இருந்தது, மற்றவருக்குப் பிறர் நல்லெண்ணம் மட்டும் இருந்தது என்ற வேற்றுமையை யாரும் மறுக்க முடியாது.

தாத்தா சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். வெடி வைத்த இடத்தில் முதலில் போய், மேற்கூரையை இரும்புக் கம்பியால் தட்டி ஓசை கேட்பார். பிறகு மரம் முட்டுக் கொடுப்பார். அதன் பிறகுதான் மற்றவர் நுழைவார்கள். பாறை நல்ல பாறை, விழாது என்று மேஸ்திரி சொன்னால் நம்புவீர்களா என்று நான் சிறுவனாய் இருக்கும்போது கேட்டதுண்டு. மேஸ்திரி நல்லவராகவே இருக்கலாம், ஆனால் முட்டு இல்லாமல் ஆளை உள்ளே விடமாட்டேன் என்பார் தாத்தா. முட்டுக் கொடுத்தவன் கீழே நிற்பதில்லை, நிற்பவன் வேறொருவன் என்பதை மறக்கக்கூடாது என்றும் சொல்லுவார்.

சோல்பரி பிரபு நல்லவர், உழைப்பாளி, பிழையை ஒப்பிய பெருந்தன்மையாளர். இத்தனையும் இருந்தும், முட்டுக் கொடுக்காமல் ஆளை உள்ளே விட்டுவிட்டார். இலங்கையில் எஞ்சி நின்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைப்பதற்குள் 2003 வந்துவிட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

நாளை நம்மில் சிலர் அதிகாரிகளாவோம்; சிலர் குழுக்களில் உட்கார்ந்து பிறருக்காக விதிகள் எழுதுவோம். அந்த விதியின் கீழ் வாழப்போகிறவர் எப்போதும் நம்மோடு விருந்துண்டவராக இருக்கமாட்டார். எங்கோ ஒரு லயத்தில், ஒரு லைன் வீட்டில் இருப்பார். எழுதும்போது அவரை நினைத்துக்கொள்வோம்.

இந்த வரலாற்றைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார். 1963-இல் பிரபு எழுதிய ஒப்புதலைச் சொல்லும் பகுதியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, சித்தப்பா இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருக்கலாம் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நீலகிரியில் இருக்கும் சித்தப்பாவின் பேரர்களுக்கு இம்மலரின் ஒரு பிரதியை அனுப்பிவைக்குமாறு என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவசியம் அனுப்புவேன்.